ஹோஸ் சப்பையாவது ஹோஸின் குற்றமில்லை

காரின் ரேடியேட்டர் ஹோஸ் சப்பிப்போகிறது, மாற்றலாமா என்று கேட்டீர்கள். ஹோஸை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள் நண்பரே. இரவு வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பிப்போகிறது, ரிசர்வ் பாட்டில் நிறைந்திருக்கிறது, ரேடியேட்டரில் மட்டும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது என்றால் எனக்கு ரேடியேட்டர் மூடி மேல்தான் சந்தேகம். அதில் இரண்டு வால்வு: ஸ்பிரிங் வால்வு மூடியில் எழுதிய அழுத்தம்வரை, சில வண்டிகளில் 0.9 பார், சிலவற்றில் 1.1, தாங்கிப் பிடிப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. நடுவிலுள்ள சின்னத் தட்டு, ஆறும்போது திறந்து பாட்டிலிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்கவிடும். உங்களுக்கு இந்தத் தட்டு ஒட்டியிருக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறியபின் மூடியைக் கழற்றி (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்) தட்டை நகத்தால் இழுத்துப் பாருங்கள், லேசாகத் திறந்து மூட வேண்டும். சரி, அது நன்றாக இருந்தால் பாட்டிலுக்குப் போகும் சின்ன டியூப் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். புது மூடி வாங்கினால் அதே அழுத்த எண் போட்டதாக வாங்குங்கள்.