மருத்துவமனைக் கட்டடத்தை வரையும்போதே கணினியில் சிமுலேஷன் செய்து பார்த்தால் மின்செலவு உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஆனால் கணினிக்கு நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. சென்னையில் ஏசி வடிவமைப்பு என் வேலை. நான் பயன்படுத்துவது எனர்ஜிபிளஸ். அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகத் தரும் மென்பொருள். ஊரின் வானிலை, சுவர், ஜன்னல், விளக்கு, ஆட்கள் எல்லாவற்றையும் கொடுத்தால் வருடத்தின் 8760 மணி நேரத்துக்கும் மின்செலவைக் கணக்குப் போட்டுவிடும்.

எல்லாரும் முதலில் கேட்பது ஜன்னல் கண்ணாடியைப் பற்றித்தான். அலுவலகம் என்றால் சரி. மருத்துவமனையில் முதலில் பார்க்க வேண்டியது காற்றை. 20க்கு 20 அடி, 10 அடி உயரமுள்ள ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும் என்றால் 80,000 கன அடி. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதிலுள்ள ஈரத்தை எடுக்க, 12, 13 டிகிரி வரை குளிரவைத்து, அப்புறம் அதே காற்றை ஹீட்டரில் சூடாக்கி உள்ளே விடுகிறோம். ஒரே காற்றுக்கு இரண்டு முறை கரண்ட்!

என் முதல் மருத்துவமனை மாடலில் எல்லாத் தியேட்டரும் 24 மணி நேரமும் இயங்குவதாகப் போட்டிருந்தேன். மருத்துவமனைக்காரர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மனசு கேட்காமல் அவர்களுடைய பழைய கட்டடத்தில் ஓர் இரவு போய் உட்கார்ந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு நான்கில் மூன்று தியேட்டர்கள் இருட்டாகக் கிடந்தன. ஆனால் கதவிடுக்கில் கை வைத்தால் சில்லென்று காற்று அடித்தது. டியூட்டி சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்: இரவு அவசர கேஸ் எல்லாம் ஒரே தியேட்டரில்தான்.

பதிவேட்டில் இருந்த நேரங்களை மாடலில் ஏற்றியதும் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆள் இல்லாத தியேட்டரில் ஃபேன் வேகத்தைப் பாதியாக்கலாம். கோட்பாட்டுப்படி ஃபேன் இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். முழுக்க நிறுத்தக் கூடாது. வெளிக்காற்று உள்ளே புகாதபடி தியேட்டரின் அழுத்தம் எப்போதும் கூடுதலாகவே இருக்க வேண்டும். அவசரம் வந்தால் சுவரில் ஒரு பட்டன், உடனே முழு வேகம். இதற்குத் தொற்றுத் தடுப்புக் குழு சம்மதிக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் தொடவே கூடாது.

நீங்கள் மருத்துவமனை கட்டப்போகிறீர்கள் என்றால், சிமுலேஷன் அறிக்கை கைக்கு வந்ததும் தியேட்டர்களின் இரவு அட்டவணை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ஏசி காற்று போகும் குழாயின் (டக்ட்) அளவை முடிவு செய்வதற்கு முன்னாலேயே கேளுங்கள்.