எஸ்.இ.சி. பெண்கள் பாஸ்கெட்பால் டோர்னமென்ட்: கேளுங்க, சொல்றேன்

அமெரிக்க காலேஜ் பெண்கள் பாஸ்கெட்பால்ல மார்ச் முதல் வாரம் வந்தா கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் சீசன் ஆரம்பிச்சிரும். நான் வருஷக்கணக்கா விடாம பாக்குறது எஸ்.இ.சி., அதாவது தென்கிழக்கு மாநிலங்களோட காலேஜ்கள் சேர்ந்து தங்களுக்குள்ள லீக் ஆடுற குழு, அதைத்தான் கான்ஃபரன்ஸ்னு சொல்றது. சவுத் கரோலினா, டென்னசி, எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்), கென்டக்கி எல்லாம் இதுலதான், 2024ல டெக்சாஸும் ஓக்லஹோமாவும் வந்து இப்ப மொத்தம் 16 டீம். நிறைய பேர் கேள்வி அனுப்பிருக்கீங்க, ஒண்ணொண்ணா வரேன்.

அக்கா, ரெண்டு மாசம் லீக் ஆடி ஒரு டீம் முதல் இடம் வந்தாச்சு. அப்புறம் எதுக்கு திரும்ப ஒரு டோர்னமென்ட்? காசுக்கா?

காசும்தான், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா விஷயம் அதோட முடியல. காலேஜ் விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. தேசிய அளவுல நடத்துற டோர்னமென்ட்ல 2025ல 68 டீம். அந்தக் கணக்குப்படி அதுல 31 இடம் ஒவ்வொரு கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கும் நேரா போயிரும், மிச்சம் 37 இடத்தை கமிட்டி உக்காந்து பொறுக்கும். அந்த "சாம்பியன்" யாருன்னா லீக்ல முதல் இடம் வந்தவங்க இல்ல, இந்த டோர்னமென்ட்ட ஜெயிச்சவங்க. அதனால சீசன் முழுக்க அடி வாங்குன டீம் கூட மூணு நாலு நாள் தொடர்ந்து நல்லா ஆடிட்டா நேஷனல் டோர்னமென்ட்ல போய் நிக்கலாம், நான் இதை உக்காந்து பாக்குறதே அதுக்காகத்தான்.

எஸ்.இ.சி. மாதிரி பெரிய கான்ஃபரன்ஸுக்கு கதை வேற. 2025ல அங்கிருந்து மட்டும் 10 டீம் போச்சு, அதனால மேல இருக்கிறவங்களுக்கு இடம் போயிருமோன்னு பயமில்ல. அவங்க பாக்குறது சீடு, அதாவது டோர்னமென்ட்டுக்கு முன்னாடி டீம்களுக்கு குடுக்குற வரிசை எண். டாப் 16க்குள்ள வந்தா நேஷனல் டோர்னமென்ட்டோட முதல் ரெண்டு ரவுண்டையும் சொந்த ஊர்ல, சொந்த கூட்டத்துக்கு முன்னாடி ஆடலாம், அது சாதாரண லாபம் இல்ல.

காசு பத்தி கேட்டதால இதையும் சொல்லிடறேன். நேஷனல் டோர்னமென்ட்ல ஒரு டீம் ஆடுற ஆட்டத்துக்கு ஏத்தமாதிரி அதோட கான்ஃபரன்ஸுக்கு பங்கு குடுக்குற வழக்கம் ஆண்கள் பக்கம் 1991லேயே வந்துருச்சு. பெண்களுக்கு அது கிடைச்சது 2025லதான். எத்தனை பொண்ணுங்க இதுக்குள்ள ஆடி முடிச்சு போயிட்டாங்கன்னு நினைச்சா எனக்கு கோவம்தான் வருது.

அப்போ லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காத டீம் இங்க ஒரே ஒரு நாள் தோத்தா?

சின்ன கான்ஃபரன்ஸ்னா வீட்டுக்குத்தான். 2025ல சன் பெல்ட் கான்ஃபரன்ஸ்ல ஜேம்ஸ் மேடிசன் காலேஜ் டீம் லீக்ல 18க்கு 18 ஜெயிச்சாங்க. ஃபைனல்ல ஆர்கன்சா ஸ்டேட் ஓவர்டைம்ல 86-79ன்னு அவங்கள அடிச்சிட்டாங்க. நேஷனல் டோர்னமென்ட் வாய்ப்பு அதோட போச்சு, கமிட்டியும் கூப்பிடல, டபிள்யூ.பி.ஐ.டி.ங்கிற இன்னொரு டோர்னமென்ட்டுக்குத்தான் போனாங்க. என்னைக் கேட்டா 18-0 வந்த டீமுக்கு ஒரு இடம் குடுக்கணும். அதுக்காக டோர்னமென்ட்டையே எடுத்துரணும்னு சொல்லமாட்டேன், ஏன்னா அன்னிக்கு ஆர்கன்சா ஸ்டேட் பொண்ணுங்களும் ஜெயிச்சுத்தானே வாங்குனாங்க.

டபுள் பைன்னா என்ன? யார் யாரோட ஆடணும்னு போட்டிருக்கிற பிராக்கெட்ட பாத்தா தலை சுத்துது.

புதன்ல ஆரம்பிச்சு ஞாயிறு வரைக்கும் அஞ்சு நாள். 9லேர்ந்து 16 வரைக்கும் வந்த டீம்கள் புதன்கிழமையே ஆடணும். 5லேர்ந்து 8 வரைக்கும் ஒரு ரவுண்டு லீவு, வியாழன் வந்தா போதும். முதல் நாலு டீமுக்கு ரெண்டு ரவுண்டு லீவு, நேரா வெள்ளிக்கிழமை குவார்ட்டர் ஃபைனல், அதுதான் டபுள் பை. ஆக, மேல இருக்கிறவங்க மூணு மேட்ச் ஜெயிச்சா கப், கீழ இருக்கிறவங்க அஞ்சு நாள்ல அஞ்சு மேட்ச். கால் என்னத்துக்கு ஆகும் சொல்லுங்க.

கீழ இருந்து வந்து யாராவது ஜெயிச்சிருக்காங்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன்! 2022, நாஷ்வில். கென்டக்கி ஏழாவது சீடு. அப்ப 14 டீம்தான், ஏழாவது சீடுக்கு வியாழன்லேர்ந்து நாலு நாள் நாலு மேட்ச். மிசிசிப்பி ஸ்டேட்ட தாண்டி ரெண்டாவது சீடு எல்.எஸ்.யூ.வ அடிச்சாங்க, மறுநாள் மூணாவது சீடு டென்னசி, ஞாயித்துக்கிழமை பாத்தா எதிர்ல நாட்டுலயே நம்பர் ஒன் டீமான சவுத் கரோலினா. கடைசி சில செகண்ட்ல கென்டக்கியோட ட்ரியூனா எட்வர்ட்ஸ் ஒரு த்ரீ, அதாவது தூரத்துலேர்ந்து மூணு பாயிண்ட் ஷாட் போட்டாங்க, 64-62. கென்டக்கி அதுக்கு முன்னாடி இந்தக் கப்ப தூக்குனது 1982ல.

ஆனா ரெண்டு வாரத்துல நேஷனல் டோர்னமென்ட் முதல் ரவுண்டுலயே பிரின்ஸ்டன்கிட்ட தோத்துட்டாங்க. இங்க தோத்துப்போன சவுத் கரோலினா அந்த வருஷம் நேஷனல் சாம்பியன். அடுத்த வருஷமும் அதே கதைதான், 2023 செமி ஃபைனல்ல எல்.எஸ்.யூ. டென்னசிகிட்ட 69-67ல தோத்துட்டு அப்புறம் நேஷனல் சாம்பியன் ஆனாங்க. அதனால இங்க ஜெயிச்சவங்கதான் அங்கயும் ஜெயிப்பாங்கன்னு கணக்கு போடாதீங்க. இந்தக் கப்புக்குன்னே ஒரு மதிப்பு இருக்கு.

காசு சுண்டி முதல் சீடு முடிவு பண்ணாங்கன்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா?

உண்மை. 2025ல சவுத் கரோலினாவும் டெக்சாஸும் 15-1, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவை மத்தவங்கள அடிச்சிருந்தாங்க. எஸ்.இ.சி. கமிஷனர் டிவி முன்னாடி காசு சுண்டுனார், சவுத் கரோலினாவுக்கு விழுந்தது. அடுத்த ஞாயிறு ஃபைனல்ல அதே ரெண்டு டீம்தான், சவுத் கரோலினா 64-45. அவங்க டீமோட க்ளோயி கிட்ஸ்தான் எம்.வி.பி., அதாவது டோர்னமென்ட்டோட சிறந்த ஆட்டக்காரி.

2024 ஃபைனல்ல நடந்த சண்டை பத்தி சொல்லுங்க. கார்டோசோவுக்கு தண்டனை சரியா?

சரிதான். ரெண்டே நிமிஷம் மிச்சம், சவுத் கரோலினா முன்னாடி இருக்காங்க, அவங்க சென்டர் கமீலா கார்டோசோ ஒரு எல்.எஸ்.யூ. பொண்ண தள்ளிவிட்டு கீழ போட்டுட்டாங்க. வெளிய அனுப்பினாங்க, சண்டைக்காக வெளிய போனா அடுத்த மேட்ச் தானா போயிரும்ங்கிறது ரூல், அதனால நேஷனல் டோர்னமென்ட் முதல் மேட்ச் ஆடல. பெஞ்ச்ல இருந்து எழுந்து கோர்ட்டுக்குள்ள வந்தவங்களையும் வெளிய அனுப்பினாங்க, எழுந்து வந்ததே தப்பு. சவுத் கரோலினா 79-72ன்னு ஜெயிச்சாங்க.

ஆனா அவங்களை அந்த ஒரு தள்ளுக்காக மட்டும் ஞாபகம் வச்சுக்காதீங்க. முந்தின நாள் செமி ஃபைனல், டென்னசி 73-71ன்னு முன்னாடி இருக்காங்க, மிச்சம் 1.1 செகண்ட். பந்து ஆறு அடி ஏழு அங்குல சென்டர்கிட்ட வருது, காலேஜ்ல அதுவரைக்கும் ஒரு த்ரீ கூட போடாதவங்க. போட்டாங்க, போர்டுல பட்டு உள்ள விழுந்துருச்சு, 74-73. அது மட்டும் விழலைன்னா அந்த வருஷம் சவுத் கரோலினாவுக்கு 38-0ங்கிற ரெக்கார்டே கிடையாது.

நான் இந்தியால காலேஜ் டீம்ல ஆடினவ. ரூல்ஸ்ல என்ன வித்தியாசம்?

உங்களுக்கு சுலபமா புரியும். பெண்களுக்கு 2015-16லேர்ந்து நாலு பத்து நிமிஷ குவார்ட்டர், ஆண்கள் காலேஜ்தான் இன்னும் ரெண்டு இருபது நிமிஷம். ஒரு குவார்ட்டர்ல அஞ்சாவது டீம் ஃபவுல்லேர்ந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ. பெரிய வித்தியாசம் ஷாட் கிளாக், நமக்கு 24 செகண்ட், அங்க 30. அதனால பந்தை இன்னும் நாலு கை மாத்தி, முன்னாடியே திட்டம் போட்ட செட் ப்ளே ஆடுவாங்க.

டென்னசிதான் ராணின்னு சின்ன வயசுல கேள்விப்பட்டேன், இப்ப என்ன ஆச்சு?

17 கப், இன்னிக்கும் அதிகம் அவங்ககிட்டதான், அதுல 16 பாட் சம்மிட் கோச்சா இருந்தப்போ வந்தது. கடைசியா 2014. அதுக்கப்புறம் சவுத் கரோலினா கோச் டான் ஸ்டேலி காலம், 2015லேர்ந்து 2025க்குள்ள சவுத் கரோலினா ஒன்பது.

மகளைக் கூட்டிட்டு டோர்னமென்ட் நடக்குற கிரீன்வில் போலாம்னு இருக்கோம், எந்த நாள் நல்லது?

வெள்ளிக்கிழமை, கண்ண மூடிட்டு சொல்லுவேன். நாலு குவார்ட்டர் ஃபைனல், எட்டு டீமையும் ஒரே நாள்ல பாத்துரலாம். டிக்கெட் செஷன் கணக்குல வரும், ஒரு செஷன்ல ரெண்டு மேட்ச். சவுத் கரோலினா கேம்பஸ் அங்கிருந்து நூறு மைல்தான், அதனால அவங்க ஆடுற செஷன் சீக்கிரம் போயிரும், மத்த செஷன்ல நல்ல சீட் கிடைக்கும். அஞ்சு நாளும் போக முடிஞ்சா புதன்கிழமையும் விட்டுராதீங்க, கூட்டம் கம்மி, கோச் கத்துறது கூட காதுல விழும்.

சென்னைலேர்ந்து ஃபைனல் பாக்கணும்னா எத்தனை மணிக்கு?

அங்க ஞாயிறு மதியம்னா நமக்கு நடுராத்திரி பக்கம். ஒண்ணு கவனிங்க, 2024லயும் 2025லயும் ஃபைனல் நடந்த அதே ஞாயிறுதான் அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுற நாள். சனிக்கிழமை பாத்த வித்தியாசத்தை வச்சு கணக்கு போட்டா முதல் ரெண்டு குவார்ட்டர் போயிரும், அன்னிக்கு அவங்களுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம்தான் வித்தியாசம்.