நிபுணரிடம் எப்படிக் கேட்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வன உயிரியல் படிக்கிறேன். உள்நாட்டு உயிரினங்களைக் காப்பது பற்றிய நிபுணர் குழு அறிக்கைகளைத் தேடிப் படித்துவருகிறேன். பெரும்பாலானவை அலமாரியோடு சரி. அறிவியல் சொல்வதை அரசுகள் ஏன் காதில் வாங்குவதில்லை? முடிவை நிபுணர்களிடமே விட்டுவிட்டால் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குழு அறிக்கைகளை உட்கார்ந்து படிக்கும் ஆள் கிடைப்பதே அபூர்வம். அதற்காகவே இந்தப் பதில்.

முடிவை நிபுணர்களிடம் விடுவதா? வேண்டாம். மீன்பிடித் தடையால் யார் பிழைப்பு போகும், ஈடு யார் கொடுப்பது என்பதெல்லாம் மீன் ஆய்வாளரின் வேலை அல்ல. மேலே போவோம்.

அரசு கேட்பதில்லை என்கிறீர்கள். அறிக்கை என்ன சொன்னது என்று பார்த்தீர்களா? ‘இவ்வினம் கணிசமான அச்சுறுத்தலில் உள்ளது, உரிய நடவடிக்கை அவசியம்.’ இதை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எந்தக் கோப்பில் என்ன எழுதுவார்? ‘கணிசமான’ என்பது ஒருவருக்கு 20 சதவீதம், இன்னொருவருக்கு 70. திட்டவேண்டியது முதலில் இதை எழுதியவர்களை. கோபத்தை அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள்.

கோளாறு கேட்கும் விதத்திலேயே தொடங்குகிறது. எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்து ‘என்ன நினைக்கிறீர்கள்?’ என்றால் மூத்தவர் ஓர் எண்ணைச் சொல்வார், மற்றவர்கள் அதை ஒட்டியே பேசுவார்கள். பத்துப் பதினைந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்கவேண்டும். ‘தவளைக்கு ஆபத்தா?’ என்றல்ல. இன்று அது முட்டையிடும் குட்டைகள் 100 என்றால், எதுவும் செய்யாவிட்டால் 10 ஆண்டில் எத்தனை மிஞ்சும்? தலைப்பிரட்டைகளைத் தின்னும் அயல் மீனை அகற்றினால் எத்தனை? கொள்கை வகுப்பவருக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை, இந்த வரிசையில்: குறைந்தது எவ்வளவு, அதிகம் போனால் எவ்வளவு, உங்கள் கணிப்பு எது, உண்மை அந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்று எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள். கணிப்பை முதலில் கேட்டால் மனம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், எல்லைகள் சுருங்கிவிடும். ஒருவர் 20, 60, 40 என்று சொல்லி நம்பிக்கை 50 சதவீதம் என்கிறார். எல்லோரையும் ஒப்பிட 80 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறோம்: 40இலிருந்து இருபுறமும் உள்ள 20ஐ 80/50ஆல் பெருக்கினால் 32. ஆக அவருடைய வீச்சு 8 முதல் 72 வரை! அவ்வளவு உறுதியாகப் பேசியவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதை அவமானமாக நினைக்கும் நிபுணர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

பிறகு பெயரை மறைத்து எல்லா விடைகளையும் எல்லோருக்கும் காட்டி, ஏன் வேறுபடுகின்றன என்று விவாதம். மறுபடி தனித்தனியாக விடை, கடைசியில் சராசரி. ஒருமித்த கருத்து வரவேண்டும் என்று யாரையும் நெருக்கக்கூடாது. கேட்பவருக்கு மட்டும் விடை முன்பே தெரிந்த சில கேள்விகளை நடுவில் கலந்துவைத்தால் யாருடைய கணிப்பு தேறும் என்பதும் தெரிந்துவிடும். பதவிக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இருப்பதில்லை.

எண் என்ன செய்யும் என்பதற்குப் பாறு கழுகுகளைப் பாருங்கள். அவை கூட்டம் கூட்டமாக அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. உள்ளுறுப்புகள்மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. 2004இல் இது வெளியானது. 100 மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே பாறுகளின் அந்த வீழ்ச்சி நிகழும் என்று அதே ஆண்டு கணக்கும் வந்தது. ‘பயன்பாட்டைக் குறைப்போம்’ என்ற பேச்சுக்கே அதன்பின் இடமில்லை. 2006இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தது. மாற்றாக, பாறுவைக் கொல்லாத வலிநிவாரணியான மெலாக்சிகாம் கைவசம் இருந்தது.

ஆனால் மனிதருக்கான 30 மி.லி. குப்பி கடையில் அப்படியே இருந்தது. மாட்டுக்கு அதையே போட்டார்கள். அதை 3 மி.லி. ஒற்றை ஊசியாகச் சுருக்க 2015 ஆயிற்று. தடை வந்த மறுநாள் மாட்டு வைத்தியர் எதை வாங்குவார்? இதுவும் நிபுணரிடம் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் பறவை நிபுணரிடம் அல்ல, மருந்துக்கடைக்காரரிடம்.

அடுத்த அறிக்கையில் நேராகப் பரிந்துரைப் பக்கத்துக்குப் போங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று இருக்கிறதா, எண்ணும் வீச்சும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் இருந்தும் அரசு அசையவில்லை என்றால் எழுதுங்கள், சேர்ந்தே திட்டுவோம்.