வாய்ப்பூட்டும் சோபாவும்: ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகள் பற்றிக் கேள்வி பதில்

எங்கள் வீட்டில் இதுவரை மூன்று கிரேஹவுண்ட் நாய்கள். முத்து, கருப்பாயி, இப்போது வள்ளி. மூன்றுமே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பந்தயத் தடங்களில் ஓடி ஓய்வுபெற்றவை. இடையில் சில வாரங்கள் வைத்திருந்து வேறு வீடுகளுக்கு அனுப்பியவை தனிக் கணக்கு. நான் கால்நடை மருத்துவர் இல்லை, வளர்த்துப் பழகியவள், அவ்வளவுதான். மெல்பர்னில் எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் யாராவது ஒருவர் இந்த நாய்களைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். இந்தத் தடவை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

சிட்னி, வெண்ட்வொர்த்வில்: அக்கா, எங்கள் தெருவில் ஒருவர் வாய்ப்பூட்டு மாட்டிய கிரேஹவுண்டைக் கூட்டிக்கொண்டு போவார். வாய்க்குப் பூட்டு போடுகிற அளவுக்குக் கடிக்கிற நாயை எதற்கு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்?

அந்த வாய்ப்பூட்டுதான் இந்த நாய்க்கு வந்த பாதிக் கெட்ட பெயருக்குக் காரணம். ஆஸ்திரேலியாவில் பந்தயத்தில் எட்டு நாய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். அந்த வேகத்திலும் பரபரப்பிலும் பக்கத்து நாயைக் கவ்விவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டு மாட்டுவார்கள். ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த நாய்களையும் சட்டம் பல வருடம் விடவில்லை. தெருவில் இறங்கினால் பூட்டு கட்டாயம். மதிப்பீட்டில் தேறி பச்சைக் காலர் வாங்கிய நாய்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. வீட்டு கிரேஹவுண்டுகளுக்கான அந்தக் கட்டாயத்தை விக்டோரியா 2019 ஜனவரியில் எடுத்துவிட்டது, உங்கள் நியூ சவுத் வேல்ஸ் அதே வருடம் ஜூலையில் எடுத்தது.

முத்து வந்தபோது சட்டம் மாறியிருக்கவில்லை. எதிரே வருகிற தாய்மார்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்துபோவார்கள். பூட்டு இல்லாமல், கயிறும் இல்லாமல் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வரும் குட்டி நாயைப் பார்த்து "ஐயோ, க்யூட்" என்பார்கள். முத்து பாவம், அந்தக் குட்டியைப் பார்த்துப் பயந்து என் முட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பான்.

இன்றைக்கும் சிலர் மாட்டுகிறார்கள் என்றால் காரணம் இருக்கும். அந்த நாய் சின்ன நாய்களைத் துரத்தக்கூடியதாக இருக்கலாம். புதிய நாய்களோடு பழக்கும்போது முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். அந்த நாயின் சொந்தக்காரர் பொறுப்பானவர் என்று நான் எடுத்துக்கொள்வேன். கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

லண்டன், ஹாரோ: இரண்டாம் மாடியில் இரண்டு அறை ஃபிளாட். மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடுகிற நாயை இங்கே அடைத்து வைப்பது பாவம் இல்லையா?

கிட்டத்தட்ட அந்த வேகத்தில் ஓடும் என்பது உண்மை. எவ்வளவு நேரம் ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. 500 மீட்டர் பந்தயம் சுமார் 30 வினாடியில் முடிந்துவிடும். ஓட்டம் முடிந்தால் கூண்டுக்குத் திரும்பிப் படுக்கைதான். அதன் உடம்பே குறுகிய வெடிப்புக்காக அமைந்தது. நாள் முழுக்க ஆடு மேய்க்கப் பிறந்த பார்டர் காலி நாய் உங்கள் ஃபிளாட்டைப் பிய்த்துப் போட்டுவிடும். கிரேஹவுண்ட் காலையில் இருபது முப்பது நிமிடம், மாலையில் இருபது முப்பது நிமிடம் நடந்துவிட்டு சோபாவைக் கேட்கும். வள்ளி ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குகிறாள். மீதி எட்டில் பாதி நேரம் இடம் மாறிப் படுப்பதற்குச் சரியாகப் போய்விடும்.

உங்கள் உண்மையான பிரச்சினை படிக்கட்டு. இந்த நாய்கள் படியே பார்க்காமல் வளர்ந்தவை. முத்து வந்த அன்று இரவு எங்கள் வீட்டுப் பதினான்கு படிகளுக்குக் கீழே நின்று மேலே பார்த்தான். முன்னங்கால் ஒன்றை முதல் படியில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். உடம்பு நடுங்க ஆரம்பித்தது. என் கணவர் பின்னால் நின்று தாங்க, நான் முன்னால் உட்கார்ந்து கோழித் துண்டைக் காட்டிக்கொண்டே ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தேன். வலது முன், இடது முன், வலது பின், இடது பின். ஏற இருபது நிமிடம் ஆனது. மேலே போனதும் இறங்கத் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 32 கிலோ நாயை என் கணவர் தூக்கிக்கொண்டு இறங்கியது தனிக் கதை. நான்கே நாளில் பழகிவிட்டான். ஆனால் வயதாகிக் கால் தளரும்போது அதே படி மறுபடியும் பிரச்சினையாகும். லிஃப்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மெல்பர்ன், டான்டினாங்: அக்கா, எங்கட வீட்டில பத்து வயசுப் பூனை ஒண்டு இருக்கு. பிள்ளையள் கிரேஹவுண்ட் வேணும் எண்டு ஒரே கரைச்சல். பூனையைக் கண்டா கொண்டுபோடும் எண்டு மனுசி சொல்லுறா. உண்மையோ?

சில நாய்கள் கொன்றுவிடும், தம்பி. சில நாய்கள் உங்கள் பூனையிடம் மூக்கில் ஒரு அறை வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அதற்கு வழிவிடும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். "இந்த இனம் இப்படித்தான்" என்று நாயை விரும்புகிறவர்களும் சொல்கிறார்கள், வெறுக்கிறவர்களும் சொல்கிறார்கள். பூனை விஷயத்தில் இரண்டு கட்சியையும் நம்பாதீர்கள்.

கிரேஹவுண்ட் கண்ணால் வேட்டையாடும் இனம். அசைவதைப் பார்த்தால் கால் தானாகக் கிளம்பும். பந்தயத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. 1919-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் எமரிவில்லில் இயந்திர முயலைத் துரத்தவிட்டு நவீனப் பந்தயம் தொடங்கியது. துணியையும் பிளாஸ்டிக்கையும் முயல் என்று நம்பித் துரத்துகிற நாய் அது. 2015-ல் இங்கே சில பயிற்சியாளர்கள் உயிருள்ள பிராணிகளையே கட்டித் துரத்தவிட்டது தொலைக்காட்சியில் அம்பலமாகி நாடே அதிர்ந்தது.

ஆனால் துரத்துவது வேறு, கோபம் வேறு. பூனையைத் துரத்துகிற நாய் மனிதரைக் கடிக்கும் என்று முடிச்சுப் போடுவதுதான் பெரிய தப்பு. கருப்பாயி பாசத்தில் பசு மாதிரி. வெட்டினரி கிளினிக்கில் ஊசி போடும்போதுகூட மருத்துவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். அவளேதான் ஒருநாள் கூரியர்காரர் கேட்டைச் சாத்தாமல் போனபோது எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்துக் கிளம்பினாள். நான் "கரு..." என்று வாயெடுப்பதற்குள் தெருமுனையில் இருந்தாள். பூனை மரத்தில் ஏறித் தப்பித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டினாள்.

தத்துக் கொடுக்கும் அமைப்பிடம் "பூனையோடு சோதித்த நாய் வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். தற்காலிக வீட்டில் பூனையோடு வாழ்ந்த நாய் கிடைத்தால் அதைவிட நல்லது. வந்த பிறகும் முதல் சில வாரம் வாய்ப்பூட்டு, கயிறு, பூனை தப்பி ஏற உயரமான இடம், இவை எல்லாம் வேண்டும். இரண்டையும் தனியே விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். இன்னொன்று, வீட்டுக்குள் உங்கள் பூனையை ஒன்றும் செய்யாத நாய், தோட்டத்தில் அதே பூனை ஓடினால் துரத்தலாம். உங்கள் மனுசி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவவையும் கூட்டிக்கொண்டு போய் நாயைப் பாருங்கள்.

மெல்பர்ன், க்ளேட்டன்: மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள். சாதுவான நாய் என்கிறார்களே, பயமில்லாமல் விடலாமா?

எந்த நாயோடும் மூன்று வயதுக் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். இந்த நாயில் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியது தூக்கம். பல கிரேஹவுண்டுகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துத் தொட்டால் திடுக்கிட்டு உறுமும், கடிக்கவும் செய்யும். கூண்டில் தனியே படுத்துப் பழகிய நாய், தூக்கத்தில் அதன்மேல் யாரும் கை வைத்ததில்லை.

என் இடது கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. முத்து வந்த இரண்டாம் வாரம், சோபாவில் கண் திறந்து கிடந்தவனைக் குனிந்து கொஞ்சப் போனேன். கடித்த அடுத்த நொடி அவன் மூலையில் போய் ஒடுங்கிவிட்டான். என்னைவிட அவனுக்குத்தான் அதிர்ச்சி. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: பெயரைச் சொல்லிக் கூப்பிடு, தலை தூக்கட்டும், பிறகு தொடு. குழந்தை ஏற முடியாத இடத்தில் நாய்க்குப் படுக்கை போடுங்கள். விழித்திருக்கும்போது குழந்தைகளோடு பெரும்பாலும் பொறுமையான நாய்தான்.

சிட்னி: பந்தயத்தில் வதைபட்டு மனம் உடைந்த நாய்கள் என்று படித்தேன். அவற்றைத் தேற்றவே முடியாதாமே?

பந்தயத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆஸ்திரேலியத் தலைநகரப் பிரதேசம் 2018-ல் தடை செய்தது. அதே வருடம் அமெரிக்காவின் புளோரிடா மக்கள் வாக்களித்து ஒழித்தார்கள். நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் மூடுவிழாவை அறிவித்தது. அதெல்லாம் காரணமில்லாமல் நடக்கவில்லை.

ஆனாலும் நடுங்குகிற நாயைப் பார்த்ததும் "அடித்திருக்கிறார்கள்" என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலானவை உலகத்தைப் பார்க்காதவை, அவ்வளவுதான். கண்ணாடிக் கதவு, மிக்ஸி சத்தம், நிலைக்கண்ணாடியில் தெரிகிற இன்னொரு நாய், கிரேஹவுண்ட் அல்லாத நாய் எல்லாமே அவற்றுக்குப் புதிது. முதன்முதலில் சப்பை மூக்குள்ள ஒரு பக் நாயைப் பார்த்த வள்ளி, இது நாய்தானா என்று என் முகத்தைப் பார்த்தாள். நடைப் பயணத்தில் திடீரென்று சிலையாக நின்றுவிடுவதும் இதனால்தான். இழுக்காதீர்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள், வேறு பக்கம் திரும்பி நடங்கள், கூட வரும். தனிமைதான் நிஜமாகவே கஷ்டம். பிறந்ததிலிருந்து சுற்றிலும் நாய்கள் இருந்த இடத்திலிருந்து வந்து, திடீரென்று வெறும் வீடு. வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பதினைந்து என்று பழக்குங்கள்.

மெல்பர்ன்: வீட்டுக் காவலுக்கு ஆகுமா?

ஆகாது. திருடன் வந்தால் நகர்ந்து படுத்து இடம் கொடுக்கும்.

டொராண்டோ: எங்கள் நாய்க்கு எலும்பு தெரிகிறது. ஊரிலிருந்து வந்த மாமியார் "சோறு போடுறியா இல்லையா" என்று தினமும் சண்டை.

கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிந்தால்தான் சரியான எடை. மாமியாரிடம் ஓட்டப்பந்தய வீரர்கள் படத்தைக் காட்டுங்கள். பரிதாபப்பட்டு சாம்பார் சாதம் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெங்காயம் நாய்க்கு விஷம். கொழுப்பும் ரோமமும் குறைவு என்பதால் உங்கள் ஊர்க் குளிருக்குக் கோட்டு கட்டாயம். தோலும் மெல்லிசு, முள்வேலியில் உரசினாலே கிழியும்.

எடையைவிட முக்கியம் இரத்தப் பரிசோதனை. இந்த இனத்துக்கு இயல்பிலேயே தைராய்டு அளவு குறைவு, இரத்தத் தட்டுகள் குறைவு, சிவப்பணுக்கள் அதிகம். கருப்பாயிக்கு தைராய்டு குறைவு என்று ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டார். கிரேஹவுண்டு பார்த்துப் பழகிய இன்னொருவர்தான் தேவையில்லை என்று நிறுத்தினார். மயக்க மருந்திலும் சில வகை இவற்றின் உடம்பை விட்டு இறங்க நேரமாகும், அறுவைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்து இரத்தக் கசிவும் வரலாம். பல் சுத்தம் செய்யக் கொடுத்தாலும் இதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நடுவயதுக்கு மேல் காரணமில்லாமல் நொண்டினால் "சுளுக்கு" என்று வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள், எலும்புப் புற்றுநோய் இவற்றுக்கு அதிகம். முத்துவை அப்படித்தான் இழந்தோம்.

பிரிஸ்பேன்: நல்ல பயிற்சி கொடுத்தால் கயிறு இல்லாமல் பூங்காவில் விடலாமா?

நான் விட மாட்டேன். விக்டோரியாவில் சட்டமே அனுமதிக்காது, மற்ற நாய்களை அவிழ்த்துவிடும் பூங்காவிலும் கிரேஹவுண்டுக்குக் கயிறு வேண்டும். அது எதையாவது கண்டு ஓடத் தொடங்கினால் பாதி ஓட்டத்தில் உங்கள் குரல் காதில் விழாது. காலரும் சாதாரணக் காலர் ஆகாது. தலை கழுத்தைவிடக் குறுகல், பின்னால் இழுத்தால் வளையல் மாதிரி கழன்றுவிடும். இழுத்தால் அளவோடு இறுகுகிற மார்ட்டிங்கேல் காலர் வாங்குங்கள்.

மதுரை: அக்கா, நம்ம ஊரில் கிரேஹவுண்ட் குட்டி விலைக்குக் கிடைக்குது. சிப்பிப்பாறையும் அதுவும் ஒண்ணுதானே?

பார்க்க ஒன்று மாதிரி இருக்கும், குணம் வேறு. சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் நம் தென்மாவட்ட வெயிலில் முயல் வேட்டைக்கென்று வளர்ந்தவை. வேகமும் உண்டு, வீட்டைக் காக்கிற புத்தியும் உண்டு, அந்நியரிடம் சட்டென்று ஒட்டாது. கிரேஹவுண்ட் யார் வந்தாலும் மேலே சாய்ந்துகொள்ளும். நான் இதுவரை சொன்னதெல்லாம் பந்தயத்தில் ஓடி முடித்து, மதிப்பீடு செய்து, வீடு தேடுகிற பெரிய நாய்களைப் பற்றி. இங்கே விக்டோரியாவில் 1996-லிருந்து அதற்கென்றே தத்துத் திட்டம் இருக்கிறது. அங்கே விலைக்குக் குட்டி வாங்குவது வேறு சமாச்சாரம். மதுரையில் இருந்துகொண்டு ஒல்லியான ஓட்ட நாய்தான் ஆசை என்றால், இடம் இருந்தால், சிப்பிப்பாறையே வளருங்கள்.

மெல்பர்ன், க்ளென் வேவர்லி: ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிற பெரிய நாய்க்குப் புதுப் பெயர் வைத்தால் திரும்பிப் பார்க்குமா?

பார்க்கும். பந்தயப் பெயர் காகிதத்துக்கு மட்டும்தான், கூண்டில் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். எதுவானாலும் மாற்றலாம். வள்ளிக்கு மூன்று நாள் ஆனது. கூப்பிடும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் கொடுத்தேன். இப்போது என் தங்கை ஊரிலிருந்து போனில் அவள் மகள் வள்ளியம்மையை "வள்ளி" என்று அதட்டினால்கூட, இங்கே சோபாவிலிருந்து ஒரு தலை தூக்கி பிஸ்கட் டப்பாவைப் பார்க்கிறது.