ஜப்பானுக்குப் போகாமலே அதன் ஓவியம், மொழி, சமையலை ரசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஓவியத்தில் தொடங்குங்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் உருவாக்கிய 'பேரலை' மரஅச்சு ஓவியத்தை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் நுனி நகங்களாகப் பிரிகிறது. கீழே மூன்று படகுகள், அவற்றில் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள். பின்னால் சின்னதாக ஃபூஜி மலை. முதல் பார்வைக்கு அதுவும் இன்னொரு அலைதான். அருங்காட்சியக நெரிசலில் இவ்வளவு நிதானமாகப் பார்க்க முடியாது என்பது என் கட்சி.

மொழியில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு மாதிரியான இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஹிரகானா என்ற அடிப்படை ஒலியெழுத்து வரிசையின் 46 எழுத்துகளை முதலில் முடித்துவிடுங்கள். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள்தான் ஆளை அசத்தும், அவை மெதுவாக வரட்டும்.

சமையலைத் தொடங்க கொம்பு என்ற உலர்ந்த கடற்பாசி போதும், ஆன்லைனில் கிடைக்கிறது. இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் இளந்தீயில் சூடாக்கி, கொதி வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். இந்தச் சாறுதான் தாஷி. இதன் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908-இல் கண்டறிந்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா. அடுப்பை அணைத்தபின் மீசோ என்ற புளித்த சோயா விழுதைக் கரைத்தால் சூப் தயார்.