தம்பிக்காக என் பெயரில் கார்: கையெழுத்துப் போட்ட பிறகு என்ன செய்வது?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 3,900 ரிங்கிட். தம்பியின் கடன் பதிவு சரியில்லாததால் பேங்க் அவனுக்கு லோன் கொடுக்கவில்லை. அம்மாவும் வற்புறுத்தியதால் என் பெயரில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுத்துக் கொடுத்தேன். விலை 48,000, முன்பணம் வேண்டாம், மாதம் 550 வெள்ளிக்குள் வரும் என்று சேல்ஸ்மேன் சொன்னார். நிரப்பாத பாரங்களில் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் வந்த ஒப்பந்தத்தில் விலை 58,000, நான் கட்டிய முன்பணம் 5,800, கடன் 52,200, வட்டி 4 சதவீதம், 9 ஆண்டு, மாதம் 657 என்று இருக்கிறது. நான் முன்பணமே கட்டவில்லை. தம்பி மூன்று மாதம் கட்டினான், அடுத்த இரண்டு மாதம் நான் கட்டினேன். இப்போது காரை 'சம்போங் பாயார்' முறையில், அதாவது கடன் என் பெயரிலேயே இருக்க மீதித் தவணையைக் கட்டி ஓட்டும்படி, நண்பனுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். ஊழியர் சேமநிதியின் (இபிஎஃப்) மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்துச் செயலியில் தங்கம் வாங்கினால் அந்த லாபத்திலேயே தவணையைக் கட்டலாம் என்றும் சொல்கிறான். ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா? அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்கும் சித்தி மகனின் கல்யாணக் கடனுக்கும் ஏற்கெனவே ஜாமீன் நின்றிருக்கிறேன். அமானா சஹாம் மலேசியாவில் 9,000 சேர்த்து வைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, முதலில் தம்பியின் யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சம்போங் பாயார் வேண்டவே வேண்டாம். பேங்குக்குத் தெரியாமல் காரை வேறொருவர் கையில் கொடுத்தால் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும். சம்மன் உங்கள் பெயருக்கு வரும். விபத்து நடந்தால் காப்புறுதிச் சிக்கலும் உங்களுடையது. அந்த நண்பர் தவணையை நிறுத்தினால் பேங்க் தேடி வருவது உங்களைத்தான். பேங்குக்குச் சொந்தமான காரை ஏமாற்றிக் கைமாற்றினார்கள் என்று ஆகிவிட்டால் அது ஹைர் பர்ச்சேஸ் (தவணை முறைக் கொள்முதல்) சட்டப்படி குற்றம்.

இனி உங்கள் கேள்வி. மனம் மாறிவிட்டது என்று சொல்லி ரத்து செய்ய, கார் தவணை ஒப்பந்தத்தில் அவகாசம் எதுவும் கிடையாது. காரைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் விற்ற விலைக்கும் கடனுக்கும் இடையிலான பள்ளத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் வேறொரு கதவு இருக்கிறது. நிரப்பாத பாரத்தில் கையெழுத்து வாங்குவதை 1967ஆம் ஆண்டு ஹைர் பர்ச்சேஸ் சட்டம் தடை செய்கிறது. விலை, முன்பணம், தவணை எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள்.

என்ன நடந்திருக்கிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. 48,000 காரை 58,000 என்று காட்டினால், பேங்க் கொடுக்கும் 90 சதவீதம் 52,200 ஆகிறது. விலை போக மீதி 4,200. அது காப்புறுதி, சாலை வரி, நீட்டித்த உத்தரவாதம், பெயின்ட் கோட்டிங் என்று ஏதாவது ஒரு பெயரில் போயிருக்கும். 'முன்பணம் வேண்டாம்' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும். இதில் உங்களுக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. கட்டாத 5,800ஐக் கட்டியதாக உங்கள் கையெழுத்து சொல்கிறது. அதனால் புகார் எழுதும்போது இதை மறைக்காதீர்கள். வெற்றுப் பாரத்தில் போட்ட கையெழுத்து என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

விற்பனை ரசீது, ஒப்பந்த நகல், வாட்ஸ்அப்பில் விலை பேசிய பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். பேங்கின் புகார் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள், தீராவிட்டால் பேங்க் மீதான புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். டீலர் மீது உள்நாட்டு வாணிக அமைச்சிடம் புகார் செய்யலாம். பணத்தைக் கேட்பதற்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட். எழுதிப் பழக்கம் இல்லையென்றால் கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு அந்தக் கோப்போடு நேரில் போங்கள். நீட்டித்த உத்தரவாதம் வாங்கியிருந்தால் அதை ரத்து செய்து மீதியைத் தரும்படி இன்றே எழுதுங்கள்.

புகார் முடிய நாளாகும். அதுவரை தவணையை நிறுத்த வேண்டாம். தொடர்ந்து இரண்டு தவணை விட்டால் பேங்க் நோட்டீஸ் அனுப்பி காரை இழுக்கும் வழி திறந்துவிடும், உங்கள் கடன் பதிவும் கெடும்.

இப்போது கணக்கு. 52,200க்கு 4 சதவீதம், 9 ஆண்டு என்றால் வட்டி மட்டும் 18,792. இது குறையாத வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் போடும் வட்டி. குறையும் வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்குச் சற்று மேல். ஐந்து மாதத்தில் 3,287 கட்டியிருக்கிறீர்கள். அதில் அசலில் கழிந்தது 1,600 அளவுதான், ஏனென்றால் இந்த வகைக் கடனில் ஆரம்ப மாதங்களில்தான் வட்டி அதிகமாக எடுக்கப்படும். இன்று முடித்தால் கட்ட வேண்டியது சுமார் 50,600. சரியான தொகையைப் பேங்கிடம் எழுத்தில் வாங்குங்கள். காரை இன்று விற்றால் 42,000 வரும் என்று வைத்துக்கொண்டால் பள்ளம் 8,600. விற்காமல் கட்டிக்கொண்டே போனால் இன்னும் 103 தவணை, கிட்டத்தட்ட 67,700 ரிங்கிட், அதுவும் நீங்கள் ஓட்டாத காருக்கு.

அமானா சஹாமில் இருக்கும் 9,000 இந்தப் பள்ளத்தை அடைத்துவிடும். சேமிப்பைத் தொடச் சொல்வது எனக்குப் பிடித்தமான காரியம் இல்லை. ஆனால் அங்கே அண்மைய ஆண்டுகளில் கிடைத்தது 5 சதவீதத்துக்குக் கீழ்தான், இங்கே போவது 7க்கு மேல். விற்றுவிடுங்கள். அதே டீலரிடம் போகாமல் குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வாங்குபவர் பணத்தை நேராகப் பேங்குக்கே கட்ட வேண்டும். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாறும் வரை சாவியையும் காரையும் ஒப்படைக்காதீர்கள்.

தங்கச் செயலி பற்றி நீளமாகப் பேச எனக்குப் பொறுமை இல்லை. மாதம் 657 லாபம் வர வேண்டுமென்றால் ஆண்டுக்கு 7,884 வேண்டும். மூன்றாவது கணக்கில் 8,000 வைத்திருந்தால்கூட அது ஆண்டுக்கு ஏறக்குறைய 100 சதவீதம். அப்படி உறுதி சொல்லும் எவரிடமும் ஓய்வுக்கால பணத்தைக் கொடுக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து உங்கள் சந்தாவில் 10 சதவீதம் அந்தக் கணக்குக்குப் போகிறது. அவசரத்துக்கு எடுக்க முடியும் என்பதாலேயே அது உறவினர் கண்ணில் படுகிறது.

இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது டீலர் இல்லை. ஒரே குடும்பத்தில் மூன்று பேருடைய கடன் உங்கள் கையெழுத்தில் நிற்கிறது. பேங்க் ஒருவருக்குக் கடன் கொடுக்க மறுத்தது என்றால் அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. அந்த முடிவை உங்கள் சம்பளத்தை வைத்து மாற்றிக் கொடுத்தீர்கள், மூன்று முறை. தம்பி மீது பாசம் இருந்தால் பஸ் காசு கொடுங்கள், வேலை தேட உதவுங்கள். எவ்வளவு கொடுத்தோம் என்பது கொடுக்கும்போதே தெரியும் உதவிகள் அவை. ஜாமீன் அப்படி இல்லை, தொகையை அடுத்தவர்தான் முடிவு செய்கிறார். அம்மா மறுபடியும் கேட்டால், "என் பெயரில் இனி எந்தக் கடனும் எடுக்க முடியாதும்மா, பேங்கும் கொடுக்காது" என்று சொல்லுங்கள். உங்கள் நிலைமையில் அது உண்மையும்கூட.

இந்த வாரமே பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் கடன் பதிவை எடுத்து உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று பாருங்கள், செலவு இல்லை. அண்ணனும் சித்தி மகனும் தவணை தவறாமல் கட்டுகிறார்களா என்று அந்தந்தக் கடன் கொடுத்தவர்களிடம் எழுதிக் கேளுங்கள். நிலுவை பெரிதாக இருந்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயில் இலவசமாகவே ஆலோசனை கிடைக்கும். 8,600ஐ மாதம் 300 வீதம் திருப்பித் தரும்படி தம்பியிடம் எழுதி வாங்குங்கள், ஆனால் அது வரும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். அவர் சாவியைத் தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். கார் யார் கையில், எங்கே இருக்கிறது என்பதைத் தேதி போட்டுப் பேங்குக்கு எழுதி, ஒப்புகைச் சீட்டை அதே கோப்பில் வையுங்கள்.