சேலையை மேசை மேல் வைத்துவிட்டு வந்தவர்

கேள்வி: எனக்கு 47 வயது. சேலத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் மாதா சபைக்குப் பொருளாளராக இருக்கிறேன். 24 பேர் இருக்கிறோம். மாதம் 50 ரூபாய் சந்தா. அந்தப் பணம் நோயாளிகளுக்கும் இறப்பு வீட்டுக்கும் மட்டும் என்றுதான் ஆரம்பத்தில் பேசிக்கொண்டோம். பங்குத் திருவிழாவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி நீலக் கரைச் சேலை உடுத்த வேண்டும் என்று, 11 வருடமாகத் தலைவியாக இருக்கும் அக்கா இளம்பிள்ளைக்குப் போய் 24 சேலை எடுத்து வந்தார். ஒன்று 350 ரூபாய். "இப்போதைக்கு சபைப் பணத்துல குடும்மா, அப்பறம் வசூல் பண்ணிக்கலாம்" என்று 8,400 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் ஆகிறது. 7 பேர்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வேளாங்கண்ணி டூருக்கும் அட்வான்ஸ் கேட்கிறார். போன கூட்டத்தில் நோட்டை எடுத்து எல்லார் முன்னாலும் படித்தேன். "ஏழைங்க பணத்தைத் தொடறது திருட்டு" என்று சொல்லிவிட்டு, என் சேலையை மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் யாரும் என்னிடம் பேசுவதில்லை. "விட்டுத் தொலை" என்கிறார் வீட்டுக்காரர். சேவைக்கென்று வந்த இடம் சேலைக்கும் டூருக்கும் என்று ஆகிவிட்டது. விலகிவிடலாமா?
– பெயர் வேண்டாம், சூரமங்கலம்

பதில்:

சகோதரி, கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் போட்டது கழித்தல் கணக்கு. போனது 8,400. 7 பேர் கொடுத்தது 2,450. பாக்கி 5,950. அதாவது 17 பேர் இன்னும் கொடுக்கவில்லை. அந்த 17-ல் நீங்களும் ஒருவர். சேலை மேசைக்குத்தான் வந்தது, பெட்டிக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. இளம்பிள்ளைக் கடைக்காரர் இரண்டு மாதம் கழித்து அதைத் திரும்ப வாங்கவும் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பொருளாளரிடம் கணக்கில் ஆரம்பிப்பதுதான் மரியாதை.

பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. உங்கள் பிடிவாதம் என்று யாராவது சொன்னால், 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1267-ஆவது சட்டத்தைக் காட்டுங்கள். ஒரு நோக்கத்துக்கென்று மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அந்தச் சொல்லில் எனக்கே ஒரு பழைய சூடு உண்டு.

கல்யாணமான புதிதில் நாங்கள் ஏற்காட்டில் இருந்தோம். அங்கே தாய்மார் கூட்டத்துக்கு நான்தான் பொருளாளர். கொஞ்சம் படித்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். பழம் பறிக்கும் சீசனில் ஞாயிறு தவிர மற்ற நாளில் கண்ணிலேயே பட மாட்டார்கள். வரும்போது பிடி அரிசி கொண்டு வருவார்கள். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்துச் சேர்த்தது. ஒரு வீட்டில் பொன்னி, இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே பையில் கொட்டிக் கலந்துவிடும். வடித்தால் ஒரு பாதி குழைந்திருக்கும், ஒரு பாதி விறைத்து நிற்கும். வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு வாயிலேயே தெரிந்துவிடும், இது எங்கிருந்து வந்த சோறு என்று. அரிசி போகச் சில்லறையாகச் சேர்ந்த பணம் என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது.

ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடில் ஜோடிக்கவும் கேக் வாங்கவும் அந்த டின்னிலிருந்து எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன். ஜனவரியில் போட்டுவிடலாம் என்று நினைப்பு. வருஷம் முடிவதற்குள் ஒரு ராத்திரி, தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து ரத்தம் நிற்கவில்லை. கீழே சேலம் ஜி.எச்.சுக்குக் கொண்டு போக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு. ஜீப்காரர் டீசலுக்காவது பணம் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டின்னைத் திறந்தால் கேக் கடை ரசீதும் கொஞ்சம் சில்லறையும். நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பணம் சேர்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் பிழைத்துக்கொண்டாள். பிழைக்காமல் போயிருந்தால் அந்த முக்கால் மணி நேரத்தை எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அதனால் நோட்டை எடுத்துப் படித்ததில் எனக்கு மறுப்பில்லை. "திருட்டு" என்றீர்களே, அதில்தான் மறுப்பு. தலைவி அக்கா அந்தப் பணத்தில் தன் வீட்டுக்கு எதுவும் வாங்கவில்லை. வெயிலில் இளம்பிள்ளை வரைக்கும் பஸ்ஸில் போய், 24 சேலையைப் பேரம் பேசி, மூட்டை கட்டிச் சுமந்து வந்திருக்கிறார். செய்தது தப்பு, ஆனால் அதற்குப் பெயர் அஜாக்கிரதை. 23 பேர் முன்னால் ஒருவரைத் திருடி என்று சொல்லிவிட்டு, "கணக்கைத்தானே கேட்டேன்" என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். (பங்குப் பேரவையில் ஆண்கள் திருவிழாப் பட்டாசுக்கு எழுதும் கணக்கை இப்படி யாராவது வரி வரியாகப் படித்துப் பார்த்திருக்கிறார்களா என்பது வேறு கதை. இன்னொரு இதழில் பேசுவோம்.)

இனி டூர். உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடியது இந்த இடம்தான். சேவை உசத்தி, சேலையும் டூரும் வெட்டி என்று பிரித்துவிட்டீர்கள். உங்கள் சபையில் எத்தனை பேர் சொந்தச் செலவில், தனக்கென்று ஒரு ராத்திரி வீட்டை விட்டு வெளியே போயிருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள். கொலுசுப் பட்டறைக்குக் கூலி வேலை பார்ப்பவர், மகன் வீட்டில் பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கிடப்பவர், கணவர் போனபின் ஞாயிறு பூசை தவிர வாசல்படி தாண்டாதவர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கூட்டம் நெரியும். அந்த நெரிசலில்கூட இவர்களுக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அது மட்டுமில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு வாரமும் வருவார், செபமாலை சொல்வார், போய்விடுவார். இரண்டு வருடம் இப்படியே. வேளாங்கண்ணி போகிற வழியில் விடியற்காலை ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினோம், அவர் இறங்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காலை நீட்டச் சொன்னேன், நீட்ட முடியவில்லை. கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து ஏழு மாதமாம். வாங்கவே இல்லையாம். "நோயாளி நிதிதான் இருக்கே, ஏன் கேக்கல?" என்றேன். "அது நோயாளிங்களுக்குங்க. நான் மெம்பருங்க" என்றார். அந்தப் பதிலை எத்தனை ஆண்டறிக்கை படித்தாலும் நீங்கள் தெரிந்துகொண்டிருக்க முடியாது. கூட்டத்தில் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே டூரை நிறுத்தச் சொல்லாதீர்கள். டூருக்குத் தனி நோட்டு போடுங்கள், அவ்வளவுதான். வருகிறவர் தன் பங்கைக் கட்டினால் சீட். கட்ட முடியாதவருக்கு யார் கட்டுவது என்பதை முன்னாலேயே நாலு பேராகப் பேசி முடித்துவிடுங்கள். பஸ் அட்வான்ஸ் அந்த நோட்டிலிருந்து மட்டும் போகட்டும். சந்தாப் பணம் வேறு நோட்டு, வேறு பெட்டி. முடிந்தால் இரண்டு பேர் கையெழுத்து போட்டு எடுக்கிற மாதிரி வங்கிக் கணக்கு.

அந்த 50 ரூபாய்ச் சந்தாவையும் கொஞ்சம் யோசியுங்கள். மரியாயின் சேனை என்ற பக்த சபையின் கூட்டங்களில் ரகசியப் பை சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் உண்டு. கை உள்ளே போவது தெரியும், போட்டது என்ன என்று தெரியாது. சந்தா பாக்கி என்று பெயர் வாசிக்கும்போது கொலுசுப் பட்டறைக் கூலி வேலை பார்ப்பவர் தலையைக் குனிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பை வந்தால் அந்தக் குனிவு இருக்காது. தொகை குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். எங்களுக்கு முதல் மாதம் குறைந்தது, அப்புறம் சரியாகிவிட்டது.

தலைவி 11 வருடமாக இருப்பதைச் சும்மா சொன்னீர்களா, குத்திச் சொன்னீர்களா தெரியவில்லை. மரியாயின் சேனையில் ஒருவர் ஒரு பொறுப்பில் 3 ஆண்டு இருக்கலாம், மறுபடி இன்னொரு 3 ஆண்டு, அதற்கு மேல் தொடர முடியாது. நல்ல வழக்கம். உங்கள் சபைக்கும் கொண்டு வரலாம். ஆனால் இப்போது வேண்டாம். இப்போது வாயைத் திறந்தால் பதவிக்காகத்தான் கணக்குக் கேட்டாள் என்று ஆகிவிடும்.

இந்த வாரமே தலைவி அக்கா வீட்டுக்குப் போங்கள். போன் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். தனியாகப் போங்கள், சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போகிற வழியில் தட்டுவடை செட் நாலு கட்டிக்கொள்ளுங்கள். சேலத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ரொம்ப நேரம் சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. "அன்னிக்குத் திருட்டுன்னு சொன்னது தப்புக்கா" என்று அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். பணத்துக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். 5,950 எப்படித் திரும்ப வரும் என்று அவரையே கேளுங்கள். மாதம் 120 வீதம் மூன்று மாதத்தில் பெரும்பாலானவர்களால் கட்டிவிட முடியும். முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்கள் யாரென்று உங்கள் இருவருக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

அவர் கதவைச் சாத்தினால்தான் பங்குத்தந்தை. நேரே அவரிடம் ஓடினால் கோள் சொன்ன மாதிரி ஆகும். போனாலும் புகாராக இல்லாமல் நோட்டோடு போங்கள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருக்க வேண்டும் என்று அதே சட்டத் தொகுப்பில் 537-ஆவது சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை சபைக் கணக்கையும் அங்கே காட்டிக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் வந்தால், சாமியார் மாற்றலாகிப் போனாலும் தலைவி மாறினாலும் கணக்கு நிற்கும்.

விலகுவது பற்றி: வீட்டுக்காரர் பாசத்தில் சொல்கிறார். ஆனால் நீங்கள் போய்விட்டால் அந்த நோட்டை அடுத்து யார் படிப்பார்கள்?

கிளம்புவதற்கு முன் 350 ரூபாயை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா கையில் கொடுத்து, ரசீது எழுதி, எட்டாவது பெயராக உங்கள் பெயரைப் போடுங்கள். சேலையைக் கேட்டு வாங்கி வாருங்கள். திருவிழா சமயத்தில் தையல்காரர்கள் இரண்டு வாரம் இழுத்தடிப்பார்கள், ஜாக்கெட்டை இப்போதே கொடுத்துவிடுங்கள்.